ஒரு ஜப்லா வெட்டப் போய்

பெருமாநல்லூர்,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

என் அன்பு மகள் நதியாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையாலும் உன் அம்மாவுடைய கண்டிப்பாலும் நான் இங்கே சுகமாயிருக்கிறேன். உன் அம்மா விஜயகுமாரி ஆண்டவருடைய கிருபையால் மட்டுமே சுகமாயிருக்கிறாளாம், என்னால் அவளுக்கு ஒரு சுகமும் இல்லை என்று இன்று காலை கோயிலுக்குப் புறப்படும்போதுகூடச் சொன்னாள். நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கண் விழித்ததும் வருகிற முதல் நினைப்பு. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நல்லா இருக்கேன்பா, வச்சிரட்டுமா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதிலும் டாக்டர் உன்னைக் கட்டிலை விட்டு இறங்காதே என்று சொல்லியிருக்கும்போது, எழுந்து போய்க் குப்பைத் தொட்டியில் போடவும் வழியில்லை. ஆகவே வசமாக மாட்டிக்கொண்டாய். இதோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும், கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு அதைப் பிரி. கேட்க மாட்டாய் என்று தெரியும். கிறிஸ்துமஸ் கேக்கை இருபதாம் தேதியே ஓரம் ஓரமாகச் சுரண்டித் தின்றுவிட்டு எலி என்று சொன்னவள்தானே நீ. இருந்தாலும் அப்பன் என்ற முறையில் சொல்லி வைக்கிறேன்.

அன்றைக்கு நீ போனில் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. அப்பா, இனிமே எனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம், ஜெபிச்சா ஆசை வருது, ஆசை வந்தா பயம் வருது, யார்கிட்டயும் சொல்லாதீங்க, நீங்களும் எதையும் எதிர்பார்க்காதீங்க என்றாய். சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல. இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவளிடம் வாயாடுவதற்கு எனக்கே வாய் வரவில்லை, என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. இந்தத் தடவையும் அதே ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள், பெரிதாக நம்பிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு வாரமாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று மாப்பிள்ளைதான் விவரமாகச் சொன்னார். தையல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, அது ஒன்றுதானே நமக்குத் தெரிந்த வித்தை. நல்ல நூல்தானா மாப்பிள்ளை, கடைசியில் முடிச்சு இறுக்கிப் போட்டார்களா, பிரியாதே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பாவம், அந்த மனுஷன் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. சிரித்த கையோடு அழுதும்விட்டார், அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், இதோ சொல்லிவிட்டேன். நம் வீட்டில் ரகசியம் தங்காது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

உன் அம்மா உன் பேச்சைத் தட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக் குறிப்பு கேட்டபோது அவள் உன் பெயரையே எடுக்கவில்லையாம். பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, தூர தேசத்தில் இருக்கிறாள், ஒரு காரியத்துக்காகக் காத்திருக்கிறாள், அவளை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். கண்ணை மூடியிருந்த அத்தனை பேரும் ஒரு கண்ணைத் திறந்து இவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்களாம். ஜெபம் முடிந்த கையோடு போதகரம்மா வந்து, நதியாவுக்கு இது எத்தனாவது மாசம் என்று கேட்டிருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், ஆண்டவர்தான் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்று என்னிடம் வந்து சொன்னாள். நானும் ஆமாம், வேறு எப்படித் தெரியும் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எந்த இடத்தில் ஆமாம் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் பயந்து போயிருக்கிறாள் நதியா. ஹாலில் பயப்படாதே என்ற வசனத்தைப் பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளே, அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் பயப்படுகிறாள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். பிள்ளை என்ற வார்த்தையே அவள் வாயில் வருவதில்லை, நதியா காரியம், நதியா காரியம் என்கிறாள், ஏதோ கோர்ட்டில் கேஸ் நடக்கிறது போல. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கக் கூடாது, தைக்கக் கூடாது, பிறந்த பிறகும் முதலில் வேறொரு பிள்ளை போட்டுப் பழசான துணியைத்தான் போட வேண்டும் என்பது நம் சொந்த ஊர் நாசரேத் பக்கத்திலும் உண்டு, நாம் பிழைக்க வந்த இந்தத் திருப்பூர்ப் பக்கத்திலும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வேதத்துக்கு வந்தவர்கள், வராதவர்கள் எல்லோரும் ஒரே கட்சி. நான் சொன்னேன், இந்தா பார் விஜயகுமாரி, நான் வேலை பார்ப்பதே குழந்தைத்துணிக் கம்பெனி, ஐரோப்பாவில் அடுத்த வருஷம் பிறக்கப் போகிற பிள்ளைக்கு இந்த வருஷமே இங்கே துணியை வெட்டித் தைத்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறோம், அதனால் எந்தப் பிள்ளைக்காவது ஒரு தும்மலாவது வந்ததா என்று. அவள் கொஞ்சமும் யோசிக்காமல், அது வெள்ளைக்காரப் பிள்ள, அதுக்கு ஒண்ணும் ஆவாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதற்கு மேல் எந்த வக்கீல் வந்து வாதாடுவான்.

இனி என் திருட்டுத்தனத்துக்கு வருகிறேன். நீ ஜெபிக்க வேண்டாம் என்றாய் அல்லவா, வாயால் ஜெபிக்க வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். கையைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. நம் முதலாளி செந்தில்வேல் கம்பெனியில் அருமையான இன்டர்லாக் துணி ஒரு ரோல், பறங்கிப்பூ நிறம், நாங்கள் கேட்ட மஞ்சள் இது இல்லை என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் ஒதுக்கிவிட்டதால் ஓரமாகக் கிடந்தது. அதில் ஒரே ஒரு ஜப்லாவுக்குத் துணி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஏனுங் மாஸ்டர், இதுக்கெல்லாம் கேக்கோணுமாக்கு, வேணுங்கறத எடுத்துக்குங்க என்றார் அவர். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ரோலைத் தூக்கி மேஜையில் போட்டேன். ஒரு ஜப்லா, பிறந்த பிள்ளை சைஸ், அவ்வளவுதான் திட்டம். உன் அம்மாவுக்குத் தெரியாமல் தைத்து உனக்கு அனுப்பிவிட வேண்டும், நீ பயந்துகொண்டு சும்மா கிடக்கிறாய், இங்கே ஒருவன் பயந்துகொண்டே எதிர்பார்த்துக்கொண்டும் இருக்கிறான் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக. ஆனால் முப்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவனுடைய கை ஒற்றைத் துணியை வெட்டி அறியாதே. ஒரு விரிப்பு விரித்தால் அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கி மொத்தமாகத்தான் வெட்டிப் பழக்கம். நான் உன்னை நினைத்துக்கொண்டே விரித்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கம்பெனிக்கு வந்து, வெட்டி மிஞ்சிய துணி மூட்டை மேல் படுத்துத் தூங்கிப்போவாயே, முடியெல்லாம் பஞ்சாக எழுந்து வருவாயே, அதை நினைத்துக்கொண்டே விரித்தேன். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது ஆண்டவரே, அவள் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகக் கூடாது ஆண்டவரே என்று ஒவ்வொரு விரிப்புக்கும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, மெஷினை ஓட்டி வெட்டி முடித்து, சுவிட்சை அணைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு ஜப்லா வெட்டப் போனவன் முன்னால் நாற்பது ஜப்லா. உன்னிடம் கொடுத்த வாக்கும் அன்றோடு போயிற்று, நாற்பது தடவை.

வெட்டிய துணியை ஒட்டவா முடியும். மேஜைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்கும்போது ஓவர்லாக் தைக்கிற சுப்பாத்தாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். நம் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீடு, உனக்கு ஒப்புட்டு சுட்டுக் கொடுப்பாளே, அவள்தான். அடுக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏனுங் மாஸ்டர், நதியாக் கண்ணு வயித்துல இருக்கறது ஒரு கொழந்தைங்களா, இல்ல ஒரு பள்ளிக்கூடமுங்களா என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை நதியா, சத்தியமாகச் சொல்லவில்லை. அந்த நாற்பது ஜப்லாவும் சொல்லிவிட்டன. அடுத்த நாளே கட்டிங் தொடங்கிப் பேக்கிங் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சுப்பாத்தாள் இடைவேளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாள், பட்டி வைத்தாள், கட்டுவதற்கு நாடா வைத்தாள், கூலி பேச்சை எடுத்தால் கத்தரிக்கோலைத் தூக்கினாள். முதலாளி வந்து பார்த்துவிட்டு, மாஸ்டர், சிவன்மலை முருகன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கறனுங்க, உங்க சாமி கோவிச்சுக்காதுங்களே என்று கேட்டார். எங்க சாமி கோவிச்சுக்காதுங்க, எங்க ஊட்டுக்காரிதான் கோவிச்சுக்குவா, அவ காதுல மட்டும் போடாதீங்க என்றேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீ சொன்ன காரியத்துக்கு இப்போது இரண்டு மதத்திலும் ஆள் இருக்கிறார்கள். கோபப்படாதே, படுத்துக்கொண்டு கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறுமாம்.

தைத்து முடித்த மூட்டையைக் கொண்டுவந்து பரண் மேல் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைத்திருக்கிற அட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். டிசம்பர் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள் என்பது என் கணக்கு. பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு. அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் ஜரிகைத் தோரணம் வேண்டும் என்று கேட்டார்களாம், அது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்பது எனக்கு மறந்துபோனது, அவளுக்கு மறக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இழுத்திருக்கிறாள், நாற்பது ஜப்லாவும் அவள் தலையில் கொட்டின. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது ஹால் முழுக்க மஞ்சளாகக் கிடக்கிறது, நடுவில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வசவு வரப்போகிறது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். வசவு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஏங்க, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கிய என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். போன தடவை நான்தாங்க ஒரு தொப்பி பின்னுனேன், உங்ககிட்டகூடக் காட்டல, பின்னி முடிச்சு நூலை அறுத்த அந்த வாரம்தான் நதியாகிட்டருந்து போன் வந்துச்சு, என்னாலதாங்க, ஆசைய அடக்க மாட்டாம நான் பின்னுன தொப்பியாலதாங்க என்றாள்.

நான் இதை அன்று வரைக்கும் அறியவில்லை. இரண்டு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டுதான் எனக்குக் காபி போட்டிருக்கிறாள், கோயிலில் மற்றவர்கள் மகளுக்காக எழுந்து நின்று ஜெபம் பண்ணியிருக்கிறாள், உன்னோடு போனில் சிரித்துப் பேசியிருக்கிறாள். செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் பார்த்தேன், நான் பிரசங்கத்தில் தூங்குகிற ஆள், சமயத்துக்கு ஒரு வசனம் வருமா, வரவில்லை. ஒரு தொப்பிக்கு அம்புட்டு சக்தி இருந்தா நாம எதுக்குட்டி ஆண்டவரைக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம், தொப்பியவே கும்பிட்டுருக்கலாம்லா என்றேன். அவள் கையில் கிடைத்த ஜப்லாக் கட்டால் என் தலையில் அடித்தாள். அடித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு மறுபடி அழுதாள், நானும் அழுதேன், சட்டத்துக்குள் இருந்து பயப்படாதே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உன் மேலும் அந்தத் தொப்பி மாதிரி ஏதாவது பழி இருந்தால், நான் அன்றைக்கு மாடிப்படி ஏறினேனே, வேலைக்குப் போனேனே, சந்தோஷப்பட்டேனே என்று ஏதாவது ஒன்றை நீயும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால், அதை அப்பாவிடம் அனுப்பிவிடு. நான் அதற்கும் ஒரு கேலி தயாராக வைத்திருக்கிறேன்.

அழுது முடித்தவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள், எல்லாத்தையும் ஆஸ்பத்திரியில பிள்ள பெத்தவங்களுக்குக் கொடுத்துருவோம், ஒண்ணுகூட இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது என்று. போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஐக்கிய சங்கத்துப் பெண்கள் பிரசவ வார்டுக்குப் பிஸ்கட்டும் பழமும் கொண்டுபோனார்கள், நாங்களும் மூட்டையோடு போனோம். அங்கே ஒரு கூத்து. கட்டில் கட்டிலாக நான் ஜப்லாவை நீட்ட, ஒரு பாட்டியம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனுங், இது பழசுங்களா புதுசுங்களா, புதுசுன்னா பேர் வெக்கற அன்னிக்குத்தானுங் போடுவோம் என்று மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பாத்தீங்களா என்று. கடைசிக் கட்டிலில் ஒடிசாவிலிருந்து வந்து நம் பக்கத்துப் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண், சின்ன வயது. அவள் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டதாம், பிழைக்காது என்றிருந்தார்களாம், பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து இப்போதுதான் தாய் கையில் கொடுத்திருக்கிறோம் என்று நர்ஸ் சொன்னாள். அந்தப் பெண் பழசு புதுசு எல்லாம் கேட்கவில்லை. ஜப்லாவைக் கையில் வாங்கிய அந்த நிமிஷமே பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். என் கை தாராளத்தில் எல்லாமே ஒரு விரல் பெரிசாக வெட்டியிருந்தேன், அந்தப் பிள்ளை உள்ளே எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. உன் அம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இந்தியிலோ ஒடியாவிலோ என்னமோ சொல்ல, இவள் நாசரேத் தமிழில் பதில் சொல்ல, ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு பேரும் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்தார்கள். பிள்ளை இவள் மடியிலேயே பால் கக்கியது. சங்கத்துப் பெண்கள் எல்லாம் ஆட்டோவில் ஏறிய பிறகும் இவள் வரவில்லை, எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் கையை ஆட்டிச் சந்தையில் பேரம் பேசுவது போல ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு உங்களுக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டாள்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா. மூட்டை காலியாவதற்கு முன்னாலேயே ஒரு ஜப்லாவை மடித்துச் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டேன். அதுதான் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியாது, இனி தெரிந்தாலும் தபால் போயிருக்கும். நதியா, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். உன் பிள்ளை கைக்கு வந்துவிடும் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. கம்பெனியில் கப்பல் போகிற தேதியையே எங்களால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. போன இரண்டு தடவையும் நாங்கள் முழங்காலில்தான் நின்றோம், ஆனாலும் அப்படித்தான் ஆயிற்று. ஏன் என்று நான் ஆண்டவரிடம் கேட்டேன், கோபமாகவே கேட்டேன், பதில் வரவில்லை, ஆனால் அவர் எழுந்து போய்விடவும் இல்லை, அதுமட்டும் எனக்குத் தெரிந்தது. பயப்படாதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒவ்வொரு தடவை துணி அடுக்கில் கத்தி வைக்கும்போதும் இன்றைக்கும் எனக்குப் பயம்தான், வெட்டினால் திருப்பி ஒட்ட முடியாதே. பயந்துகொண்டேதான் வெட்டுகிறேன். பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள், பரவாயில்லை, ஆனால் அது சொல்கிறபடி கேட்காதே. பயந்து படுத்திருந்தாலும் உனக்கு அதே வாரம்தான், எதிர்பார்த்துப் படுத்திருந்தாலும் அதே வாரம்தான். எதிர்பார்த்துப் படுத்திருந்தால், இன்றைக்கு உள்ளே இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு அம்மா கிடைப்பாள். ஆசைப்படு கண்ணு. ஆசைப்பட்டால் எந்தப் பிள்ளையும் போவதில்லை. அந்த முதல் இரண்டு பேரும் நீ ஆசைப்பட்டதால் போகவில்லை. அவர்கள் உன் ஆசையை வாங்கிக்கொண்டுதான் போனார்கள், அது அவர்களுக்குக் கிடைத்தது, அதை யாரும் எடுக்க முடியாது. நான் அவர்களையும் என் பேரப்பிள்ளைகள் என்றுதான் ஆண்டவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, ரொம்பப் பிரசங்கம் ஆகிவிட்டது, நானே தூங்கிவிடுவேன். மாப்பிள்ளையை உப்பு பார்த்துச் சமைக்கச் சொல். அவர் செய்த ரசத்தைப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார், உன் அம்மா அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டுவிட்டு என்னிடம் இது என்ன டீயா என்று கேட்டாள். இடது பக்கம் சாய்ந்து படு, தண்ணீர் நிறையக் குடி, இன்டர்நெட்டில் நோய்களைத் தேடிப் படிக்காதே. போன் அடித்தால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசு, உன் அம்மாவுக்கு அது ஒரு நாள் சாப்பாடு. உன்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் உன் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறார், அவர் உன்னையும் மாப்பிள்ளையையும் உள்ளே இருக்கிற ஆளையும் தம்முடைய செட்டைக்குள் வைத்துக் காக்கட்டும். ஜப்லாவை நாப்தலின் உருண்டை போட்டு மூடி வைத்துவிடாதே, கண்ணில் படுகிற இடத்தில் மாட்டு.

இப்படிக்கு, உன் பேச்சைக் கேட்காத அப்பா,
ஞானதுரை.

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி எழுத வேண்டியதாகிவிட்டது. பொட்டலத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்து பார்த்தால், மேஜை மேல் பொட்டலம் பிரிந்து கிடக்கிறது, உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். என் சட்டைப்பை ஜப்லா அவள் கையில். அடுக்கு மொத்தமும் எண்ணி வைத்திருந்தாளாம், ஒன்று குறைந்ததை அன்றைக்கே பிடித்துவிட்டாளாம். மாட்டிக்கொண்டோம் என்று நின்றேன். அவள் பீரோவைத் திறந்து வேறொரு ஜப்லாவை எடுத்து வந்து பொட்டலத்தில் வைத்தாள். அதே மஞ்சள்தான், ஆனால் துவைத்தது, நெஞ்சுப் பக்கம் ஒரு பால்கறை, துவைத்தும் முழுக்கப் போகவில்லை. அந்த ஒடிசாப் பெண்ணிடம் புதுசு இரண்டைக் கொடுத்துவிட்டு, அவள் பிள்ளை போட்டிருந்ததைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி வந்திருக்கிறாள், அன்றைக்கு நடந்த பேரம் இதுதான். அந்தப் பெண் இவளைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள். புதுசை அனுப்பக் கூடாதுங்க, இத அனுப்புங்க, இது பழசு, அதுவும் பிழைச்ச பிள்ள போட்டது என்றாள். இது விசுவாசத்தில் சேருமா பயத்தில் சேருமா என்று போதகரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, நீயும் கேட்காதே. ஒட்டுவதற்கு முன்னால் நான் ஒரு தடவை விரித்துப் பார்த்து, ரொம்பப் பெரிசா வெட்டிப்புட்டேனோ விஜயகுமாரி என்றேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, நாடாவைக் கட்டி, நான்காக மடித்துக்கொண்டே சொன்னாள், பெருசா இருந்தா என்னங்க, பிள்ள வளரும்லா.